மூன்று நாள் அவகாசம்



பேசத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. என் கையில் உள்ளது ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள நீல நிற டேப். இதில் ஒரு சாண் நீளம் வெட்டி, என் இடது முன்கையில் ஒட்டிக்கொள்கிறேன். ஒட்டியாயிற்று. இப்போது அந்த இடத்தில் யாரோ விரல் வைத்து லேசாக இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது. பேச்சு முடிவதற்குள் இந்த உணர்வு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே பல ஆண்டுகளாகப் பிசியோதெரபி பார்த்து வருகிறவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தையல் மிஷின் முன் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் கட்டிங் மேஜையில் நின்று வேலை செய்கிறவர்கள், பண்டல் தூக்குகிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள். கழுத்து, தோள், இடுப்பு: இந்த மூன்று இடத்து வலிதான் பெரும்பாலும் என் அன்றாடம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். பவர் டேபிள் டெய்லர். வயது 38. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார். வலது பக்கக் கழுத்திலிருந்து தோள்முனை வரை கல்லை வைத்துக் கட்டியதுபோல் வலி. தைலம் தேய்த்திருக்கிறார், சுளுக்கு வழிப்பவரிடம் போயிருக்கிறார், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். என்னிடம் வரும்போதே முடிவோடு வந்தார்: “சார், டிவில கபடி ஆடுறவங்க கலர் கலரா ஒட்டியிருப்பாங்களே, அந்த டேப்பை எனக்கும் ஒட்டி உடுங்க.”

ஒட்டிவிட்டேன். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். “லேசாயிடுச்சுங்க சார்” என்றார். முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வருகிறோம். நான்காம் நாள் டேப் ஓரம் கிளம்பியதும் வந்தார், மீண்டும் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் வேலையில் அரை மணி நேரம் பர்மிஷன் போட்டு, கையிலிருந்து பணம் கொடுத்து ஒட்டிக்கொண்டு போனார். பதினோராவது முறை ஒட்டும்போது, டேப்பின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“சார், இது காட்டன்ல லைக்ரா போட்ட துணி. இதைத்தான் நான் தினமும் தைக்கிறனுங்க. மேல ஒட்டுன துணி உள்ள இருக்கிற சதைய என்னதானுங்க பண்ணுது?”

பயிற்சி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் அவருக்குச் சொன்னேன். டேப் தோலைத் தூக்கிப் பிடிக்கும், அடியில் இடம் உண்டாகும், ரத்தமும் நிணநீரும் நன்றாக ஓடும், தசை ஓய்வெடுக்கும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். ஆனால் சொல்லும்போதே எனக்கு உறுதியில்லை. துணியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், எனக்கே சரியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன் என்பது அன்று இரவு முழுக்க உறுத்தியது. அந்தக் கேள்விக்கான சரியான பதிலைத் தேடிப் போனதன் விளைவுதான் இன்றைய பேச்சு.

இந்த டேப் பிறந்தது ஜப்பானில், 1970களில். உருவாக்கியவர் கென்சோ காசே. அமெரிக்காவில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு ஜப்பானில் மருத்துவம் பார்த்தவர். மூட்டையும் தசையையும் கையாலேயே நீவி, அழுத்தி, திருப்பிச் சரிசெய்கிற முறைதான் கைரோபிராக்டிக். கையால் செய்கிற எல்லா வைத்தியத்துக்கும் ஒரு சங்கடம் உண்டு: கையை எடுத்ததும் பலன் கரையத் தொடங்கும். நோயாளி வீட்டுக்குப் போய் அடுத்த முறை வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். கையை எடுத்த பிறகும் கை வைத்ததுபோல் ஏதாவது அங்கே இருக்க முடியுமா என்பதுதான் காசேயின் தேடல்.

அந்தக் காலத்தில் விளையாட்டு வீரர்களுக்குப் போட்ட டேப் வேறு மாதிரி. வெள்ளை நிறத்தில், இழுத்தால் நீளாத, பிளாஸ்திரி போன்ற கெட்டி டேப். கணுக்கால் பிசகாமல் இருக்கச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். அது மூட்டை அசையவிடாது. விளையாட்டு முடிந்ததும் கழற்றியாக வேண்டும். காசே அதற்கு நேர்மாறாகப் போனார். தோலைப் போலவே நீளுகிற, அசைவைத் தடுக்காத, குளித்தாலும் போகாத, நாள்கணக்கில் உடம்பிலேயே இருக்கக்கூடிய டேப் வேண்டும் என்று நினைத்தார். பருத்தித் துணியில் நீள்கிற இழை சேர்த்து, பின்பக்கம் அக்ரிலிக் பசையை அலை அலையாகத் தடவிச் செய்தார். இந்தப் பசை உடம்புச் சூட்டில்தான் நன்றாகப் பிடிக்கும். டேப் நீளவாக்கில் மட்டும் நீளும், அகலவாக்கில் நீளாது. தன் நீளத்தைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரை இழுக்கலாம். காகிதத்தில் ஒட்டி வரும்போதே பத்து சதவீத அளவுக்கு இழுவையோடுதான் வருகிறது. மருந்து எதுவும் இதில் கிடையாது. நம் டெய்லரம்மா விரலால் தொட்டுச் சொன்னது சரி; இது துணியும் பசையும்தான்.

உலகம் இதைக் கவனிக்க நாளாயிற்று. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பான் வீரர்கள் போட்டிருந்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது டேப்பைத் தயாரித்த நிறுவனமே 58 நாடுகளுக்கு 50,000 ரோல்களை இலவசமாகக் கொடுத்தது. அங்கே கடற்கரை வாலிபால் ஆடிய அமெரிக்காவின் கெர்ரி வால்ஷ் தோளில் கறுப்பு டேப் சிலந்தி விரித்த கால்போல் இருந்தது. அவர் தங்கம் வென்றார். பிறகு 2012 ஐரோப்பியக் கால்பந்து அரையிறுதி. ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோலை அடித்த இத்தாலியின் மாரியோ பலோடெல்லி சட்டையைக் கழற்றிவிட்டுச் சிலைபோல் நின்றார். முதுகில் மூன்று நீலப் பட்டைகள். அந்தப் படம் அச்சாகாத செய்தித்தாள் இருக்காது. அவர் கோல் அடித்ததற்கும் அந்தப் பட்டைகளுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் மனத்தில் தொடர்பு தானாக உண்டாகிவிட்டது. எங்கள் ஊர்த் தையல்கூடம் வரை அது வந்து சேர்ந்தது அப்படித்தான்.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி. உள்ளே இருக்கிற சதையை இது என்ன செய்கிறது?

இந்த டேப்பைப் பற்றி அதிகம் சொல்லப்படுவது சுருக்கம். தசையை நீட்டிய நிலையில் வைத்து டேப்பை ஒட்டி, உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் தோலில் சின்னச் சின்ன மடிப்புகள் விழும். அந்த மடிப்புகள்தான் தோலைத் தூக்கி, அடியில் இடம் தந்து, வலியைக் குறைக்கின்றன என்பது விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு கூட்டத்தாருக்குச் சுருக்கம் விழும்படியும், இன்னொரு கூட்டத்தாருக்கு இழுவையே இல்லாமல் சும்மாவும் ஒட்ட வேண்டும். பிரேசிலில் அதைச் செய்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 148 பேர். வாரத்துக்கு இரண்டு முறையாக நான்கு வாரம் ஒட்டினார்கள். 2014இல் முடிவு வெளியானது. இரண்டு கூட்டத்தாருக்குமே வலி குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சுருக்கம் விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எத்தனை பேருக்கு அந்தச் சுருக்கத்தைக் கண்ணாடியில் காட்டி, “பாருங்கள், வேலை செய்கிறது” என்று சொல்லியிருக்கிறேன்!

இன்னொரு சொல் தசைக்குப் பலம் கூடும் என்பது. இதை ஹாங்காங்கில் ஒரு குழுவினர் சாமர்த்தியமாகச் சோதித்தார்கள். டேப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் ஒட்டியதுமே ஒரு தெம்பு வந்துவிடும் அல்லவா? அதனால் இந்த டேப்பைப் பற்றி எதுவுமே தெரியாத, ஆரோக்கியமான 30 பேரைப் பிடித்தார்கள். “தசையின் வேலையை அளக்கும் கருவி இது” என்று சொல்லித் தொடைத் தசையின் மேல் ஒட்டினார்கள். ஒருமுறை முறைப்படி ஒட்டி, ஒருமுறை பெயருக்கு ஒட்டி, ஒருமுறை ஒட்டாமல் என மூன்று விதமாகவும் காலின் உந்துபலத்தை அளந்தார்கள். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. 2015இல் வந்த ஆய்வு அது. தெம்பு என்று வீரர்கள் சொல்வது பொய்யல்ல. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டியது.

தோள்வலி பற்றி 2021இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தது. சிகிச்சைமுறைகளைச் சலித்தெடுப்பதில் மருத்துவ உலகம் பெரிதும் நம்புகிற அமைப்பு அது. 23 ஆய்வுகள், 1054 பேர். பெயருக்கு ஒட்டிய டேப்பைவிடவோ மற்ற வழக்கமான சிகிச்சைகளைவிடவோ இது மேலானது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அவர்கள் முடிவு.

அப்படியானால் என் எதிரில் உட்கார்ந்து “லேசாயிடுச்சுங்க” என்றாரே, அது என்ன? அவர் நடிக்கவில்லை. கழுத்து அதற்கு முன் திரும்பாத அளவுக்குத் திரும்பியதை நானே பார்த்தேன்.

இங்கேதான் 2008இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு உதவியது. அமெரிக்காவில் தோள்வலி உள்ள 42 கல்லூரி மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முறைப்படி, மறுபாதிக்குப் பெயருக்கு. முறைப்படி ஒட்டியவர்களால் ஒட்டிய அன்றே கையைப் பக்கவாட்டில் வலியில்லாமல் உயர்த்த முடிந்த அளவு சுமார் 17 டிகிரி கூடியது. எட்டாத அலமாரித் தட்டு எட்டுகிற வித்தியாசம் அது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தபோது இரண்டு பாதியும் சமமாகிவிட்டன. அதாவது, உடனே ஒன்று கிடைக்கிறது, கிடைத்தது நிற்பதில்லை.

ஏன் கிடைக்கிறது, ஏன் நிற்பதில்லை? இதற்கு நாம் 1965க்குப் போக வேண்டும். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு அறிஞர்கள் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு ஒரே கம்பியில் போகிற மணியோசை என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். இவர்கள் இல்லை என்றார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல்போன்ற ஏற்பாடு இருக்கிறது. வலியைக் கொண்டுவரும் நரம்பிழைகள் மெலிந்தவை, மெதுவானவை. தொடுதல், அழுத்தம் இவற்றைக் கொண்டுவரும் இழைகள் தடித்தவை, வேகமானவை. தொடுகைச் செய்தி நிறைய வந்தால் அது வாசலை ஓரளவு சாத்திவிடும். வலிச் செய்தி முழுதாக உள்ளே போகாது. பிற்கால ஆராய்ச்சி இந்தக் கொள்கையின் விவரங்களை எவ்வளவோ திருத்திவிட்டது. ஆனாலும் தொடுகை வலியைத் தணிக்கும் என்ற அடிப்படை நிற்கிறது.

நமக்கு இது புதிதா? குழந்தை கட்டில் காலில் முட்டிக்கொண்டு அழுதால் தாய் என்ன செய்கிறாள்? முட்டிய இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். தலைவலி வந்தால் பாட்டிமார் நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் இடுப்பில் துண்டை வரிந்து கட்டுகிறார். தைலத்தின் காந்தலும்கூட இந்த வகையில்தான் சேரும். அது தோலுக்கு வேறொரு செய்தியைத் தந்து வலியிலிருந்து கவனத்தை மாற்றுகிறது. இவர்கள் யாரும் தண்டுவடத்து வாசலைப் படித்தவர்கள் அல்லர். உடம்பு சொன்னதைக் கேட்டுச் செய்தார்கள். காசே செய்த டேப்பையும் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அதன் இடம் எனக்குத் தெளிவாகிறது. தலையில் கட்டிய துணியை மூன்று நாள் அவிழாமல், அசைவுக்குத் தடையில்லாமல், வியர்வைக்கும் குளியலுக்கும் தாக்குப்பிடிக்கும்படி செய்திருக்கிறார். அது சின்ன விஷயம் இல்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

அது தசையைத் தூக்கவில்லை. டேப்புக்கும் தசைக்கும் நடுவே தோல் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, உறை இருக்கிறது. அந்த மெல்லிய இழுவை அத்தனையையும் கடந்து, கழுத்திலிருந்து தோளுக்குப் போகிற ட்ரப்பீசியஸ் தசையைப் பிடித்துத் தாங்காது. டேப் பேசுவது தோலோடு. தோல் தண்டுவடத்தோடு பேசுகிறது. கூடவே, யாரோ என்னைக் கவனித்தார், கைவைத்துப் பார்த்தார், இனி சரியாகும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து மூளைக்குப் போகிறது. அந்த நம்பிக்கையைச் சிலர் வெறும் மனப்பிரமை என்று தள்ளுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலியை உணர்வதே மூளைதான். மூளை ஆறுதல் அடைவதும் உடம்பில் நடக்கிற காரியம்தான்.

இப்போது என் இடது கைக்கு வருகிறேன். நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, இந்த டேப் இங்கே இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போய்விட்டது. இப்போது நினைவுபடுத்திக்கொண்டதால் லேசாகத் தெரிகிறது. கையில் கட்டிய கடிகாரம், விரலில் கிடக்கும் மோதிரம், மூக்குக் கண்ணாடி: போட்ட சில நிமிடத்துக்குத் தெரியும், அப்புறம் தெரியாது. மாறாமல் ஒரே மாதிரி இருக்கிற தொடுகையை நரம்புகள் அறிவிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. ஒட்டிய அன்று கிடைத்த 17 டிகிரி அடுத்த நாள்களில் கரைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். உடம்பு அசையும்போது மட்டும் டேப் கொஞ்சம் இழுபட்டுத் தன்னை நினைவூட்டும். ஆகவே ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் பலன் குறைவு.

அந்த டெய்லரம்மாவுக்கு நான் செய்த தவறு இதுதான். பதினோரு முறை வலியைச் சற்றே தணித்து, பதினோரு முறையும் அதே நாற்காலிக்கே அனுப்பிவைத்தேன்.

நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பதை வேறொருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் ஜென்னி மெக்கானல் என்ற பிசியோதெரபிஸ்ட் 1986இல் முழங்கால்வலி பற்றி ஒரு முறையை எழுதினார். முழங்காலின் முன்சில்லைச் சுற்றி வருகிற வலி அது. படி இறங்கும்போது அதிகம் தெரியும். அவர் பயன்படுத்தியது நீளாத கெட்டி டேப். சில்லைச் சற்று நகர்த்திப் பிடித்து ஒட்டினார். வலி தணிந்ததும் அவர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பவில்லை. வலி தணிந்திருக்கும் அந்த நேரத்திலேயே தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தார். வலியோடு பயிற்சி செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். வலி இல்லாத ஒரு நேரத்தை உண்டாக்கி, அதற்குள் தசையை வேலைசெய்ய வைப்பதே அவர் வழி. டேப் பயிற்சிக்கு வழிவிட்டது. டேப்பின் தத்துவங்கள் பலவற்றைப் பற்றி ஆயிரம் சந்தேகம் எழுப்பலாம். இந்த ஒரு பயன்பாட்டைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனமும் இடம் கொடுக்கிறது. அது 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2020இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக மதிப்பிட்டிருந்தார்கள். வலியைப் பற்றிய புரிதலைத் தருவதும், முறையான உடற்பயிற்சியும் அவர்கள் பரிந்துரைகளில் உள்ளன. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். கடையில் வாங்கிய பெல்ட்டை இரண்டு வருடமாகக் கழற்றாமல் கட்டியிருப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

பன்னிரண்டாவது முறை அந்தப் பெண் வந்தபோது முதலில் உட்காரவைத்துப் பேசினேன். “போன தடவை நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியில்லைங்கம்மா” என்றேன். டேப் உள்ளே எதையும் சரிசெய்யவில்லை, வலியை மூன்று நாளைக்கு ஓரளவு தள்ளிவைக்கிறது, அந்த மூன்று நாளில் நாம் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப என்ன பண்ணோணும்னு சொல்லுங்க” என்றார்.

மிஷின் முன் எப்படி உட்காருவார் என்று நடித்துக் காட்டச் சொன்னேன். ஊசியைப் பார்க்கத் தலை முன்னால் நீண்டு, துணியைத் தள்ள வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. ஸ்டூல் தாழ்வாக இருந்ததுதான் காரணம். அதற்கு மேல் இரண்டு மடிப்புத் துணி போட்டு உயர்த்தச் சொன்னேன். மூன்று பயிற்சிகள்: தாடையை உள்ளே இழுத்துத் தலையைப் பின்னுக்குக் கொண்டுவருவது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் நெருக்கி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் தோளளவுக்கு மெதுவாக உயர்த்தி இறக்குவது. முதல் இரண்டையும் டீ டைமிலேயே செய்யலாம். மூன்றாவதை வீட்டில், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ; டம்பெல்லுக்குப் பணம் செலவு செய்ய வேண்டாம். அன்று டேப்பும் ஒட்டினேன். ஒட்டிய கையோடு அங்கேயே பயிற்சியைச் செய்யவைத்தேன். வலியில்லாமல் செய்ய முடிகிறது என்று அவருக்கே தெரிந்தது. அடுத்த வாரம் ஒருமுறை ஒட்டினோம். அதற்குப் பிறகு ஒட்டவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தன் லைனில் ஓவர்லாக் அடிக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். வலி முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். “ஷிப்மெண்ட் நேரத்துல வருதுங்க. வந்தா பாட்டிலை எடுத்துக்குவன்” என்றார். பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலையை எந்தப் பயிற்சியாலும் முழுக்கச் சரிக்கட்ட முடியாது. நேரத்தையும் நாற்காலியையும் தீர்மானிக்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி வீட்டில் ஒட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். முதலில், எந்த வலிக்கு ஒட்டக் கூடாது என்பது. இடது தோளிலும் கையிலும் தாடையிலும் வலி பரவி, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு இறுகினால் நம் ஊரில் வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்க்கிறார்கள். அது இதயமாக இருக்கலாம்; டேப்பும் வேண்டாம், தைலமும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைத் தேய்க்கவே கூடாது. இடுப்புவலியோடு சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ, இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போவதோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு வருகிற வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பதோடு வருகிற வலி, கீழே விழுந்த பிறகு ஊன்றவே முடியாத வலி, இவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்கள் காலில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். தோல் உரிந்தாலும் தெரியாது. புண், தடிப்பு, படை உள்ள இடத்திலும், வயதானவர்களின் காகிதம்போல் மெலிந்த தோலிலும் வேண்டாம்.

நிறம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீலம் குளிர்ச்சி, சிவப்பு சூடு என்று சொல்லி விற்கிறார்கள். சாயம் மட்டும்தான் வித்தியாசம். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுகிற இடத்தில் எண்ணெய், பவுடர், வியர்வை இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த அன்று கழுத்தில் டேப் நிற்காது. இதை நான் பலமுறை சொல்லியும் மறந்துவிட்டு வருவார்கள். டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை சட்டையில் மாட்டிக் கிளம்பிவிடும். முதல் இரண்டு அங்குலத்தையும் கடைசி இரண்டு அங்குலத்தையும் இழுக்காமல் ஒட்ட வேண்டும். கழுத்துக்கு என்றால் தோள்முனையில் தொடங்கி, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபடி மேலே முடி தொடங்கும் இடம்வரை கொண்டுபோகலாம். பலமாக இழுத்து ஒட்டினால் பலன் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு; கூடுவது கொப்புளம்தான். ஒட்டி முடித்ததும் சூடேறும்வரை உள்ளங்கையால் தேய்த்துவிடுங்கள், பசை பிடிக்கும். விளையாடப் போகிறவர்கள் வியர்ப்பதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். நம் வெயிலில் மூன்று நாள் போதும். நடுவில் அரித்தாலோ சிவந்தாலோ அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள். காசு கொடுத்து ஒட்டினேனே என்று பொறுத்துக்கொண்டிருந்து, தோல் உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுப்பதற்குத் தேங்காய் எண்ணெய். டேப்பின் மேல் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பிளாஸ்திரியைப் பிடுங்குவதுபோல் மேலே இழுக்காமல், முடி படிந்திருக்கும் திசையில், ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டேப்பைத் தோலோடு ஒட்டியவாறே மெதுவாகச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். இதோ, என் கையில் உள்ளதை எடுக்கிறேன், பாருங்கள். வலிக்கவில்லை.

இந்த மேஜையில் இன்னும் ஒரு ரோல் இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது, இரண்டு தண்ணீர் பாட்டில்களும் கொண்டுவந்திருக்கிறேன். தோள்வலி உள்ளவர்கள் யாராவது இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள். முதலில் டேப் இல்லாமல் கையை எவ்வளவு உயர்த்த முடிகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்வோம். அப்புறம் ஒட்டுவோம். ஒட்டியதும் பாட்டிலைக் கையில் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா, நீங்கள் வருகிறீர்களா? வாருங்கள், படியில் பார்த்து ஏறுங்கள்.